ஆவணங்களில் உங்கள் பெயரின் ஆங்கில எழுத்தைச் சரிசெய்வது எப்படி: வடசென்னைவாசிகளுக்கு ஒரு வழிகாட்டி

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு, எண்ணூர் என்று எங்கள் பக்கத்தில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் இந்தச் சிக்கலில் மாட்டிய ஒருவராவது இருப்பார். ஆதாரில் பெயர் ஒரு மாதிரி, பான் அட்டையில் இன்னொரு மாதிரி, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறொரு மாதிரி. வாய்விட்டுப் படித்தால் மூன்றும் ஒரே பெயர். கணினிக்கோ மூன்று வெவ்வேறு ஆள்கள்.

என் அப்பாவின் வருங்கால வைப்பு நிதியும் தம்பியின் வெளிநாட்டு வேலையும் இதனால்தான் மாதக்கணக்கில் நின்றுபோயின. ஒவ்வோர் இடத்திலும் "முதலில் மற்றதைத் திருத்திக்கொண்டு வாருங்கள்" என்றார்கள். எதை முதலில் திருத்துவது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அந்த வரிசையைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். முதன்முதலாகப் பாஸ்போர்ட்டுக்கோ பான் அட்டைக்கோ விண்ணப்பிப்பவர்கள் விண்ணப்பத்தைத் தொடும் முன்பே இதைப் படித்துவிடுங்கள்.

1. எல்லா ஆவணங்களையும் எடுத்து, எழுத்தெழுத்தாக எழுதுங்கள்

பிறப்புச் சான்றிதழ், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், மாற்றுச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், ஆதார், பான், வாக்காளர் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், ஓட்டுநர் உரிமம், வேலையில் இருந்தால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு. கப்பலில் வேலை பார்ப்பவர்கள் கடல்பணிப் பதிவுப் புத்தகமான சி.டி.சி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் ஆவணத்தின் பெயரை இடப்பக்கம் எழுதி, அதில் உள்ள ஆங்கிலப் பெயரை வலப்பக்கம் அப்படியே பார்த்து எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கவனியுங்கள்: எழுத்துகள், இடைவெளி, இனிஷியல் இருக்கும் இடம். இவற்றில் எல்லோரும் தவறவிடுவது இடைவெளியைத்தான். செந்தில்குமார் என்று சேர்த்து எழுதியதும் செந்தில் குமார் என்று பிரித்து எழுதியதும் கணினிக்கு ஒன்றல்ல.

தந்தை பெயருக்கும் தாய் பெயருக்கும் இதேபோல் ஒரு பட்டியல் வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அவையும் கேட்கப்படும். நம் பெயரைவிட அவர்கள் பெயரில்தான் குழப்பம் அதிகமாக இருக்கும்.

2. ஆங்கிலம் எங்கெங்கே வழுக்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். காரணம் தெரிந்தால்தான் உங்கள் பெயரில் எந்த எழுத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது பிடிபடும்.

தமிழில் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் எழுதிவிடலாம். எழுதியதைப் பார்த்தால் படித்துவிடலாம். ஆங்கிலம் அப்படியல்ல. அதில் எழுத்துகள் 26. பேச்சில் உள்ள ஒலிகளோ ஏறத்தாழ 44. ஓர் எழுத்தே பல ஒலிகளுக்கும், ஓர் ஒலியே பல எழுத்துகளுக்கும் பொறுப்பாகிறது. பிற மொழிப் பெயர்களை எழுத அதில் கட்டாயமான முறை எதுவும் கிடையாது. சீன அரசு தன் மக்களின் பாஸ்போர்ட்டில் பெயர்களைப் பின்யின் என்ற ஒரே முறைப்படி எழுதுகிறது. தமிழ்ப் பெயருக்கு அப்படி ஒரு கட்டாய முறை இல்லாததால், பள்ளியில் பெயரைப் பதிந்தவர் எழுதியதே நம் வாழ்நாள் எழுத்தாகிவிடுகிறது.

குறில் நெடில்: தமிழில் அ, ஆ இரண்டும் தனி எழுத்துகள். ஆங்கிலத்தில் ஏ என்ற ஓர் எழுத்தே இரண்டுக்கும். சிலர் நெடிலுக்கு அதையே இரட்டிப்பார்கள், சிலர் மாட்டார்கள். தீபா என்ற பெயரில் 'தீ'யை டி-ஈ-ஈ (DEE) என்றும் எழுதலாம், டி-ஐ (DI) என்றும் எழுதலாம், நடுவில் எச் சேர்த்தும் எழுதலாம். எதையும் தவறு என்று சொல்ல முடியாது. அதனால்தான் நான்கு ஆவணத்தில் நான்கு விதமாக வந்து நிற்கிறது.

தகரமும் டகரமும்: தமிழ்நாட்டில் ட-வுக்கு டி (T), த-வுக்கு டி-எச் (TH) என்று பிரித்துக்கொள்கிறோம். வடஇந்தியாவில் டி-எச் என்பது அழுத்தி மூச்சுவிட்டு ஒலிக்கும் வேறோர் எழுத்துக்கு உரியது. ஆகவே நாம் எச் போட்டு எழுதும் சுனிதாவை அங்கே உள்ளவர்கள் எச் இல்லாமல் எழுதுவார்கள். மும்பையிலோ டெல்லியிலோ உள்ள வாடிக்கையாளர் சேவையிடம் தொலைபேசியில் பெயரைச் சொல்லிப் பதியவைத்தால் எச் போய்விடும். எழுத்தெழுத்தாகச் சொல்லி, திரும்பச் சொல்லவும் கேளுங்கள்.

ழகரம்: கயல்விழி, தமிழரசி, எழிலன் போன்ற பெயருள்ளவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். ழ-வுக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லை. இசட்-எச் என்பது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நாமே வகுத்துக்கொண்ட வழக்கம். ஒரே வீட்டில் அக்காவுக்கு இசட்-எச், தங்கைக்கு எல் என்று இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ல, ள இரண்டுக்கும் எல் ஒன்றே. ர, ற இரண்டுக்கும் ஆர் ஒன்றே. ந, ண, ன மூன்றுக்கும் என் ஒன்றே.

வல்லினம்: இங்கே நிலைமை தலைகீழ். தமிழில் க ஒன்றுதான். ஆங்கிலத்தில் குமாருக்குக் கே, கணேசனுக்கு ஜி. சரவணனுக்கு எஸ், சித்ராவுக்குச் சி-எச். ப, பழனியில் P-யாக வரும், பாலாவில் B-யாக வரும்.

முகமது என்ற பெயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராயபுரம், மண்ணடி, வண்ணாரப்பேட்டையில் இந்தப் பெயர் இல்லாத தெரு இல்லை. நடுவில் எம் ஒன்றா இரண்டா, ஓ-வா யு-வா, கடைசியில் ஈ-டியா ஏ-டியா என்பதோடு, நான்கெழுத்தாகச் சுருக்கி எழுதும் பழக்கமும் உண்டு. சுருக்கம் ஓர் ஆவணத்தில் இருந்தாலும் பின்னால் தொல்லைதான். முழுப்பெயராக்கிவிடுங்கள்.

3. ஒரே ஒரு வடிவத்தை முடிவு செய்யுங்கள்

என் தீர்மானமான கருத்து: பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதையே அடிப்படையாக வையுங்கள். அதன் எழுத்து உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் சரி. காரணம், மற்ற எல்லாவற்றையும் ஏதோ ஒரு வழியில் திருத்திவிடலாம்; படித்து முடித்து ஆண்டுகள் கழித்துப் பள்ளிச் சான்றிதழைத் திருத்துவதுதான் மிகக் கடினம். கல்லூரிச் சான்றிதழும் வேலைப் பதிவேடும் அதை ஒட்டியே வந்திருக்கும்.

பத்தாம் வகுப்பு படிக்காதவர்கள் ஆதாரை அடிப்படையாகக் கொள்ளலாம்.

வீட்டில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பொதுத்தேர்வுக்கு முன்னால் பள்ளியில் பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கச் சொல்வார்கள். மாணவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார். நீங்களே நேரில் போய், தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் இனிஷியலையும் பிறந்த தேதியையும் பாருங்கள். அந்த நேரத்தில் திருத்தம் தலைமையாசிரியர் அளவில் முடிந்துவிடும், செலவும் இல்லை. தேர்வு முடிந்து சான்றிதழ் அச்சான பிறகு அதே திருத்தத்துக்குப் பள்ளி வழியாக விண்ணப்பித்து, கல்லூரிச் சாலையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம்வரை கோப்பு நகர வேண்டும்.

எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டவோ குறைக்கவோ விரும்புகிறவர்கள் அதைப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் முன்பே செய்துகொள்ள வேண்டும். இடையில் செய்தால் ஐந்தாம் படியில் உள்ள செலவும் அலைச்சலும் உறுதி.

4. இனிஷியலை விரித்து எழுதுங்கள்

நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோம். எங்கள் பகுதியில் நிறைய இருக்கும் தெலுங்குக் குடும்பங்களில் முன்னால் வரும் எழுத்து வீட்டுப்பெயராகவும் இருக்கலாம். ஆங்கிலப் படிவங்கள் இவை எதையும் அறியாதவை. அவை முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று பெட்டி போட்டு வைத்திருக்கின்றன.

பாஸ்போர்ட்டிலும் பான் விண்ணப்பத்திலும் இனிஷியலை ஏற்க மாட்டார்கள். விரித்து எழுத வேண்டும். பெட்டிகளில்தான் பொறி இருக்கிறது. ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர் பான் விண்ணப்பத்தில் அதைக் குடும்பப்பெயர்ப் பெட்டியில் எழுத வேண்டும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அதே பெயரை இயற்பெயர்ப் பெட்டியில் எழுதி, குடும்பப்பெயரை வெறுமையாக விடலாம். ஒன்றைப் பார்த்து மற்றதை நிரப்பினால் பெயர் இடம் மாறிவிடும்.

வெறுமையாக விட அனுமதி இருந்தாலும் விடாதீர்கள் என்றே சொல்வேன். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாவில் நுழைய அனுமதியில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள் என்றாலும், விமான நிலையத்தில் நின்று அதை விளக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம். அமெரிக்க விசாவில், குடும்பப்பெயர் இல்லாவிட்டால் நம் இயற்பெயரைக் குடும்பப்பெயராக மாற்றி, இயற்பெயர் இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்பதற்கான மூன்றெழுத்துக் குறியைப் போட்டுவிடுவார்கள். அங்கே வங்கிக் கணக்கு முதல் ஓட்டுநர் உரிமம் வரை அந்தக் குறி உங்களைத் தொடரும்.

எனவே உங்கள் பெயர் இயற்பெயராகவும், தந்தையின் முழுப்பெயர் குடும்பப்பெயராகவும் இருக்கட்டும். தந்தை பெயரின் எழுத்து அவருடைய ஆதாரில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும்.

திருமணமான பெண்களுக்கு ஒரு வார்த்தை. திருமணத்துக்குப் பின் தந்தை இனிஷியலை விட்டுக் கணவர் இனிஷியலுக்கு மாற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பள்ளிச் சான்றிதழ் தந்தை இனிஷியலில்தான் இருக்கப்போகிறது. மாற்றாமல் இருப்பதே நல்லது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கணவர் பெயருக்குத் தனி இடம் இருக்கிறது.

5. அரசிதழ் அறிவிப்பு தேவையா என்று பாருங்கள்

சிறிய எழுத்து வேறுபாட்டுக்கு, சரியான வடிவம் உள்ள ஆவணத்தைக் காட்டினாலே பல இடங்களில் திருத்திவிடுவார்கள். பெயரே மாறும் அளவுக்கு வேறுபாடு இருந்தாலோ, பள்ளிச் சான்றிதழில் உள்ளதை விட்டு வேறு வடிவத்துக்குப் போவதாக இருந்தாலோ, தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும்.

இதற்குரியது எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. அலுவலகம் 110, அண்ணா சாலை. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டையிலிருந்து வருபவர்கள் மெட்ரோவில் வண்டி மாறாமல் அண்ணா சாலைக்கு வந்துவிடலாம். அரசிதழ் அச்சாவது நம் தங்கசாலையில் உள்ள அரசு மைய அச்சகத்தில். ஆனால் விண்ணப்பத்தை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.

விண்ணப்பம் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். தமிழ்ப் பெயர் மாற்றத்துக்கு ஒன்று, ஆங்கில எழுத்து மாற்றத்துக்கு ஒன்று. கட்டணமும் வேறு வேறு. ஆங்கிலத்துக்குக் கூடுதல் என்றாலும் சில நூறு ரூபாயில் முடியும் வேலைதான். விண்ணப்பத்திலும் படத்திலும் சான்றொப்பம், பிறப்புக்கும் முகவரிக்கும் சான்று, மாற்றத்துக்கான காரணம் ஆகியவை வேண்டும். பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றி நோட்டரிகள் நிறைய இருக்கிறார்கள். "எல்லாவற்றையும் நாங்களே முடித்துத் தருகிறோம்" என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் சிக்காதீர்கள். படிவம் கடினமானதல்ல.

அரசிதழ் வாரந்தோறும் புதன்கிழமை வெளிவருகிறது. வெளியானதும் பழைய பெயர், புதிய பெயர், தந்தை பெயர், தேதி எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். அச்சுப்பிழை இருந்தால் உடனே எழுதிக் கொடுங்கள். மூலப்பிரதியை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

6. திருத்தும் வரிசை: ஆதார், பான், வங்கி, வைப்பு நிதி

வரிசை மாறினால் வேலை இரட்டிக்கும். ஆதார்தான் முதலில். மற்ற எல்லாம் அதனோடு ஒப்பிட்டே சரிபார்க்கப்படுகின்றன.

ஆதார்: வாழ்நாளில் பெயரை இரண்டு முறைதான் திருத்தலாம். மூன்றாம் முறைக்கு அரசிதழோடு தனி அனுமதி வேண்டும். எனவே மேலே சொன்ன முடிவுகளை எடுக்காமல் ஆதார் மையத்துக்குப் போகாதீர்கள். 2025 அக்டோபர் முதல் பெயர், முகவரி போன்ற விவரங்களைத் திருத்தக் கட்டணம் 75 ரூபாய். அஞ்சலகங்களிலும் சில வங்கிக் கிளைகளிலும் மையங்கள் இருக்கின்றன. காலையில் டோக்கன் கொடுத்துவிடுவார்கள். முன்பதிவு இருக்கும் இடமாகப் பார்த்துப் போவது மேல்.

அங்கே ஒரு பொறி. பெயரை ஆங்கிலத்தில் அடித்தவுடன் தமிழ் வடிவத்தைக் கணினியே உருவாக்கிவிடும். ஆங்கிலத்தில் குறில் நெடில் தெரியாது என்று மேலே சொன்னேன் அல்லவா? அதன் விளைவு இங்கே வெளிப்படும். பாலா 'பல' ஆகலாம், வள்ளி 'வல்லி' ஆகலாம். திரையில் தமிழைப் படித்துப் பார்த்து, அப்போதே திருத்தச் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திடும் முன் இன்னொரு முறை இரண்டு மொழியையும் படியுங்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அவசரப்படுத்தினாலும் பரவாயில்லை. திருத்தம் பெரும்பாலும் 30 நாள்களுக்குள் வந்துவிடும்.

பான்: ஆதாரில் மாற்றம் வந்த பிறகே விண்ணப்பியுங்கள். அட்டை வீட்டுக்கு வர 107 ரூபாய். இணையத்தில் நீங்களே செய்யலாம். இரண்டிலும் பெயர் ஒத்துப்போகாவிட்டால் பான்-ஆதார் இணைப்பு நிராகரிக்கப்படும். ஏற்கெனவே காலக்கெடு தாண்டிய இணைப்புக்கு 1000 ரூபாய் தனியே கட்ட வேண்டும்.

வங்கி: கிளையில் வாடிக்கையாளர் விவரப் படிவம், ஆதார், பான் நகல். சொல்லும்படி செலவில்லை.

வருங்கால வைப்பு நிதி: 2017 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்போ பொதுக் கணக்கு எண் (UAN) பெற்று, ஆதாரோடு இணைத்தவர்கள் 2025 ஜனவரி முதல் பெயரை இணையத்தில் தாங்களே திருத்திக்கொள்ள முடிகிறது. அதற்கு முந்தைய கணக்குகளுக்கு நிறுவனத்தின் ஒப்புதலோடு கூட்டு அறிவிப்பு வேண்டும். மணலியிலும் எண்ணூரிலும் ஒப்பந்தத் தொழிலாளராகப் பல இடங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இங்கேதான் பெரிய கஷ்டம். முன்பு வேலை கொடுத்த ஒப்பந்ததாரர் இன்று எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. ஆகவே வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள். ஓய்வுபெறும் நாள்வரை காத்திருக்காதீர்கள். என் அப்பாவின் விஷயத்தில் நிறுவனம் மூடிய பிறகு நாங்கள் பட்ட அலைச்சலை யாரும் பட வேண்டாம்.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8, கட்டணம் இல்லை. குடும்ப அட்டையையும் இணையத்திலேயே திருத்தலாம்.

7. பாஸ்போர்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்

ஆதார், பான், பள்ளிச் சான்றிதழ் மூன்றும் ஒன்றான பிறகே விண்ணப்பியுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்கு 1500 ரூபாய். தத்கால் என்றால் மேலும் 2000. ஏற்கெனவே பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஓர் எழுத்தை மாற்றுவதாக இருந்தாலும் மறுவெளியீட்டுக்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டும். வடசென்னையிலிருந்து போவதற்கு அமைந்தகரை சேவா கேந்திரம் வசதி. முன்பதிவு நேரத்தில் சாலிகிராமம், தாம்பரத்தையும் பாருங்கள்; சில வேளை அங்கே முன்னதாக இடம் கிடைக்கும்.

முகவரியிலும் இதே ஆங்கிலத் தொல்லைதான். தண்டையார்பேட்டையையும் திருவொற்றியூரையும் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பெயர்ப்பலகைகளைப் பார்த்தாலே தெரியும். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டு, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. எனவே பழைய எழுத்துகளே புழக்கத்தில் உள்ளன. ஆதாரில் உள்ள முகவரியை அப்படியே பார்த்து எழுதுங்கள். அஞ்சல் குறியீட்டு எண் சரியாக இருக்கட்டும். காவல் நிலைய எல்லையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். தவறினால் காவல் சரிபார்ப்பு வேறு நிலையத்துக்குப் போய்த் திரும்பும்வரை காத்திருக்க நேரும்.

8. வீட்டில் குழந்தை பிறந்திருந்தால்

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே சான்று. பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாம் அதை வைத்துத்தான். ஆகவே அதில் பதியும் எழுத்தே குழந்தையின் நிரந்தர எழுத்து.

பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். பெயரை அப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. பதிவான ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். குழந்தை பிறந்த இடம் எந்த மண்டலத்தில் இருக்கிறதோ அங்கேதான் பதிவு இருக்கும். எழும்பூர் மருத்துவமனையில் பிறந்த குழந்தைக்குத் திருவொற்றியூர் மண்டல அலுவலகத்தில் தேடினால் கிடைக்காது.

மருத்துவமனையில் தாய், தந்தை பெயரை வாய்மொழியாகக் கேட்டு எழுதுவார்கள். அங்கேதான் தலைமுறைத் தொல்லை தொடங்குகிறது. இருவரின் ஆதார் நகலையும் பையில் வைத்திருங்கள். அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பெயர் சேர்க்கப் போகும்போது குழந்தையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும் ஒரு துண்டுத்தாளில் எழுதி, இடைவெளி எங்கே வர வேண்டும் என்று கோடிட்டுக் கொடுங்கள். சான்றிதழைப் பதிவிறக்கிய அன்றே படித்துப் பார்த்து, பிழை இருந்தால் அந்த வாரமே அதே மண்டலச் சுகாதார அலுவலகத்தில் திருத்த மனு கொடுத்துவிடுங்கள்.